கீழ்க்காட்டில் நீ நட்ட புகையிலை

குமரேசா,

கீழ்க்காட்டில் நீ நட்டிருந்த புகையிலை முழுவதையும் நேற்றுக் காலை டிராக்டர் விட்டு ஓட்டிவிட்டேன். மாதேசனைப் போனில் பிடித்துத் திட்டாதே. அவன் வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவன். நான் கூப்பிட்டேன், வந்தான். வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, "அத்தே, நல்லா வேர் புடிச்சு முழங்கால் உசரம் வந்துருச்சுங்களே, தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான். "நெலம் எம் பேர்ல இருக்குது. நீ ஓட்டு" என்றேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை. அரை ஏக்கர்தானே, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பச்சை இலை நசுங்கிய நாற்றம் மத்தியானம் வரைக்கும் வூட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. எனக்குக் குமட்டியது. ஆனால் மனசு நிறைந்திருந்தது. அந்த இடத்தில் கொள்ளு விதைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் நீ பத்து வார்த்தை சொல்கிறாய், கடைசியில் "மீட்டிங் இருக்குதும்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இருபத்தெட்டு வருஷம் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து, தினமும் எழுதிப் பழகிய கை இது. முழுவதும் எழுதுகிறேன், முழுவதும் படி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதியதல்ல. என்னைக் கேட்காமல் என் கையை ஊருலகத்துக்கெல்லாம் காட்டினாய் அல்லவா? நெட்டில் நீ அதைக் காட்டிய அதே இடத்தில் இந்தக் கடிதத்தையும் போடச் சொல்லி உன் பெண்டாட்டி சங்கீதாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் சரி என்றிருக்கிறாள். அவள்மேல் பாயாதே. இது மாமியாரும் மருமகளும் சேர்ந்து எடுத்த முடிவு.

போன பொங்கலுக்கு வந்தபோது பாலிதீன் பையில் ஒரு கட்டுப் புகையிலை கொண்டுவந்தாய். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். சிரித்தாய். "ஒரே ஒரு தடவ சுத்திக் காட்டும்மா. அப்பா ஞாபகமா வச்சுக்கறன்" என்றாய். உங்கப்பா பேரைச் சொன்னதும் எனக்கு மறுக்க வாய் வரவில்லை. எட்டு வருஷமாகத் தொடாத இலை. தண்ணீர் தெளித்து மடியில் விரித்தபோது கை தானாக வேலை செய்தது. நடு நரம்பைக் கிழித்து எடுத்தேன், உடைந்த இலைகளை உள்ளே வைத்தேன், நல்ல இலையை மேலே சுற்றி, பலகையில் உருட்டி, முனையை முறுக்கி நூல் கட்டினேன். ஆறு சுருட்டினேன். உன் சிநேகிதர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து படம் எடுத்தார்கள். என் கையை மட்டும்தான் எடுத்தார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஞாபகத்துக்காக எடுக்கிற மகன் அம்மாவின் முகத்தை விட்டுவிட்டா எடுப்பான்?

ஆடி மாதம் அரூரிலிருந்து கூரியர்காரர் ஒரு பார்சல் கொண்டுவந்து கொடுத்தார். நீ அனுப்பியது. எனக்குச் சேலை எடுத்து அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்துத்தான் பிரித்தேன். உள்ளே கறுப்பு வார்னிஷ் அடித்த மரப்பெட்டி. மூடியில் உங்கப்பா படம். தீர்த்தமலைத் தேருக்குப் போனபோது எடுத்தது, கல்யாணமான புதுசு. வாயோரத்தில் சுருட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை, சிரிப்பு. கீழே 'அப்பா சுருட்டு' என்று எழுத்து. பெட்டிக்குள் பத்துச் சுருட்டு வரிசையாகப் படுத்திருந்தது. ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தேன். முனையில் இறுக்கம் பத்தவில்லை. என் கையைக் காட்டிவிட்டு வேறு யாரையோ வைத்துச் சுருட்டியிருக்கிறாய். பெட்டியைத் திருப்பினேன். அடியில் சின்னதாக, அரசாங்கம் போடச் சொல்கிற அந்தப் படம் இருந்தது. புண் வைத்துக் கிழிந்த வாய். அதை எவ்வளவு சின்னதாகப் போட முடியுமோ அவ்வளவு சின்னதாகப் போட்டிருந்தாய். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே இருப்பதும் அடியில் இருப்பதும் ஒரே ஆள்தான் என்பது உனக்குத் தெரியாது.

பெட்டிக்குள் ஒரு காகிதமும் வைத்திருந்தாய். மருந்து தெளிக்காத இலை, அம்மாவின் கைப்பக்குவம், இன்னும் என்னென்னவோ. அதில் ஒரு வரி இருந்தது: 'எங்கள் அப்பா நாற்பது ஆண்டுகள் சுருட்டுக் குடித்தார், சுருட்டு அவரை ஒன்றும் செய்யவில்லை.' அந்த வரியைப் படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் உன்மேல் மட்டும் கோபப்பட முடியாமல் போயிற்று. அந்த வரி உன்னுடையதல்ல. அதை உனக்குக் கொடுத்தவள் நான். நான் சொன்ன பொய்யை நீ அச்சடித்து விற்கிறாய். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்பதை இப்போது சொல்கிறேன். உன்னைப் பெற்ற இத்தனை வருஷத்தில் உன்னிடம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்தது இது ஒன்றுதான்.

நான் கல்யாணமாகி வந்தபோது உங்கப்பா தன் சுருட்டைத் தானே சுருட்டிக்கொண்டிருந்தார். கிணற்றடி வாய்க்காலோரம் முப்பது செடி. அவருக்குப் போதும். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் கரும்பு ஆலைக்குள் அவருடைய வலது கை சிக்கிக்கொண்டது. இரண்டு விரல் நசுங்கி எடுத்துவிட்டார்கள், மூன்றாவது விரல் மடங்கவில்லை. ஏர் பிடிக்கப் பழகிக்கொண்டார், மண்வெட்டி பிடிக்கப் பழகிக்கொண்டார், சுருட்டு மட்டும் வரவில்லை. சுற்றச் சுற்றப் பிரிந்துகொள்ளும். ஒரு நாள் அப்படிப் பிரிந்த இலையைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். நான் எடுத்து, எனக்குத் தெரிந்த மாதிரி சுற்றிக் கொடுத்தேன். பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்தார். "பரவால்லியே" என்றார். அதுவரைக்கும் என் சமையலைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. ஒரு மாதத்தில் "ஏம்மே, உன் கையில சுத்துனாத்தான் இழுவ சீரா வருது" என்று சொல்ல ஆரம்பித்தார். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்வார். எனக்கு இருபத்தெட்டு வயசு. புருஷன் நாலு பேர் முன்னால் என் கையைப் புகழ்ந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதற்கப்புறம் இருபத்தேழு வருஷம், காலையில் சாணி தெளித்த கையைக் கழுவிக்கொண்டு வந்து ஐந்து சுருட்டுச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைத்தேன்.

உன் படத்தில் சுருட்டுவது மட்டும்தான் இருக்கிறது. செடியில் இலை தடிக்க வேண்டும் என்பதற்காகக் கொழுந்தை ஒடித்து, பக்கத்தில் வெடிக்கிற துளிரையெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை கிள்ளி எறிய வேண்டும். அந்தப் பிசின் கையில் ஒட்டிக் கறுப்பாகிவிடும். சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையால் சோற்றைப் பிசைந்தால் கசக்கும். பனி ஈரத்தோடு இலை பறித்தால் தலை சுற்றும். நீ நாலாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை, இலையைக் கயிற்றில் கோக்க உன்னையும் உட்காரவைத்தேன். மத்தியானம் நீ வாந்தி எடுத்தாய். கண் செருகிப்போய்க் கிடந்தாய். "வெயில்ல ஆடிட்டு வந்தான், அதான்" என்று உங்கப்பாவிடம் சொன்னேன். வெயில் இல்லை என்று எனக்குத் தெரியும். இந்தச் செடியைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அதுதான். திங்கட்கிழமை காலை வழக்கம்போல ஐந்து சுருட்டிவைத்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்கிறேன். உங்கப்பா பேசாத மனுஷன். எதைக் கேட்டாலும் முதலில் "வேணாம்" என்பார். அவர் வாயிலிருந்து "சரி" வருகிற நேரம் ஒன்று உண்டு. சாப்பிட்டு முடித்து, முதல் சுருட்டைப் பற்றவைத்து, பாதி கரைந்திருக்கும்போது கேட்டால் சரி என்பார். அதைக் கண்டுபிடித்த அன்றிலிருந்து எனக்கு வேண்டியதையெல்லாம் அந்த நேரத்தில்தான் கேட்டேன். சத்துணவு மையத்தில் வேலைக்குப் போகிறேன் என்று அப்போதுதான் கேட்டேன். உன்னைத் தருமபுரியில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்று அப்போதுதான் கேட்டேன். நீ இஞ்சினியரிங் படிக்க வேண்டும் என்றபோது அவர் காட்டைக் காட்டி, "இத எவன் பாப்பான்?" என்று மூன்று நாள் பேசாமலிருந்தார். நாலாம் நாள், இருந்ததிலேயே நல்ல இலையாகப் பார்த்து, வெல்லத் தண்ணீர் தெளித்து வைத்திருந்ததை எடுத்து, கட்டை விரல் தடிமனுக்கு ஒன்று சுருட்டிக் கொடுத்தேன். முழுதும் குடித்து முடித்துவிட்டு, "போய்ச் சேத்து வுடு" என்றார். நீ இன்றைக்குப் பெங்களூரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறாயே, அந்த நாற்காலிக்குக் கீழேயும் ஒரு சுருட்டு இருக்கிறது. நான் சாமர்த்தியசாலி என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரை எதில் கட்டிப்போட்டுக் காரியம் சாதித்தேன் என்று யோசிக்கவில்லை.

நீ வேலையில் சேர்ந்து, வெளிநாட்டுக்கு ஒரு வருஷம் அனுப்பினார்களே, நீ கிளம்புவதற்கு நாலைந்து மாதம் முன்பே உங்கப்பாவுக்குக் காரம் ஆகாமல் போயிற்று. களிக்குப் பச்சை மிளகாய்ச் சட்டினி இல்லாமல் சாப்பிடாதவர், "எரியுது, வெறும் மோர் ஊத்து" என்றார். நான் காரத்தைப் பாதியாக்கினேன். பிறகு இல்லாமலே அரைத்தேன். வாய்க்குள் வலது பக்கம் வெள்ளையாக ஒரு படலம் இருந்தது. கொட்டாவி விடும்போது பார்த்தேன். பார்த்ததைக் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த கேள்வி சுருட்டில் வந்து நிற்கும், அது என் கையில் வந்து நிற்கும். ஏழு மாதம், குமரேசா. ஏழு மாதம் நான் மிளகாயைக் குறைத்துக்கொண்டே வந்தேன். சுருட்டைக் குறைக்கவில்லை. கன்னத்தில் வெளியே வீங்கினபோதுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். நீ அப்போது வெளிநாட்டில் இருந்தாய்.

அங்கே ஒரு டாக்டரம்மா, என் தங்கை வயசுதான் இருக்கும். வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் உங்கப்பாவால் திறக்க முடிந்தது. "பீடியா, சிகரெட்டா?" என்று கேட்டார். உங்கப்பாவுக்கு அந்த நிலைமையிலும் முகம் மலர்ந்தது. "அதெல்லாம் தொட்டதில்லீங்க. சுருட்டுதானுங்க. நம்ம காட்டுல வெளஞ்சது, மருந்து கிருந்து கெடையாது. இவதான் சுத்திக் குடுப்பா. இவ கை மாதிரி வராதுங்க" என்று என்னைக் காட்டினார். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு நிமிஷம் என் கையைப் பார்த்தார். பிசின் கறை இருந்தது. பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். வெளியே கூப்பிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்: "அம்மா, இது சுருட்டாலதான் வந்துருக்கு. வூட்ல வெளஞ்சதா, கடையில வாங்கினதான்னு அதுக்குத் தெரியாது. அஞ்சாறு மாசம் முன்னாடி வந்துருந்தீங்கன்னா வேற மாதிரி பேசியிருப்பேன்."

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். "எதனாலம்மா? சுருட்டாலயா?" என்றுதான் முதலில் கேட்டாய். நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். "சேச்சே, அதெல்லாம் இல்ல சாமி. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, இதுக்கும் சுருட்டுக்கும் சம்மந்தமே இல்லியாம். கட்டி யாருக்கு வேணாலும் வருமாம். நீ ஒண்ணும் அலட்டிக்காத, வேலையப் பாரு" என்றேன். நீ பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பத்து நாள் லீவு போட்டு வரட்டுமா என்றாய். வேண்டாம் என்றேன். உனக்குச் சிரமம் என்று சொன்னேன். உண்மை அதுவல்ல. நீ வந்தால் டாக்டரம்மாவைப் பார்ப்பாய், அவர் உன்னிடம் சொல்லிவிடுவார். உங்கப்பாவைக் கொன்றது என் கை என்று உனக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில், ஒரு மகனை அவன் அப்பா சாவதற்கு முன்னால் பார்க்க விடாமல் நிறுத்திவைத்தேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். சுருட்டுச் சுருட்டியதுகூட அதற்கு அப்புறம்தான்.

தாடையில் பாதியை எடுத்தார்கள். நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் நெட் சரியில்லை என்றேனே, நெட் நன்றாகத்தான் இருந்தது. அவர் முகத்தை மூடித் துண்டு போட்டுக்கொள்வார். பேச்சு வராது. எச்சில் நிற்காமல் வழியும். மூக்கில் குழாய் விட்டுக் கஞ்சியை ஊற்றினேன். ஈ உட்காரும். அந்த நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன். அவர் இறந்த அன்று நீ விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது தாடையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டியிருந்தது. செத்தவர்கள் எல்லாருக்கும் அப்படிக் கட்டுவது வழக்கம் என்பதால் நீ ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் துணிக்கு அடியில் கட்டுவதற்குத் தாடை பாதிதான் இருந்தது. துணியை அகலமாகக் கட்டச் சொன்னவளும் நான்தான்.

இனி இதையும் கேட்டுவிடு. ஆபரேசன் முடிந்து வந்த மூன்றாம் மாதம், உங்கப்பா கையால் சைகை காட்டினார். இரண்டு விரலை உதட்டில் வைத்து வைத்து எடுத்தார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். ஒரு வாரம் காட்டிக்கொண்டே இருந்தார். கும்பிட்டார். அந்த மனுஷன் என்னைக் கும்பிட்டார். நான் எழுந்து போய், பரணிலிருந்த இலையை எடுத்து, சன்னமாக ஒன்று சுருட்டி, என் வாயிலேயே வைத்துப் பற்றவைத்து, அவர் உதட்டில் வைத்துப் பிடித்தேன். உதடு மூடவில்லை. இழுத்தால் புண்ணிருந்த பக்கமாகக் காற்றுப் போயிற்று. நாலு தடவை முயற்சி பண்ணினார். பிறகு சுருட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றினது சரியில்லை என்பது போல என்னைப் பார்த்துக் கையை உதறினார். தன் வாய் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றவில்லை, என் கை போய்விட்டது என்று நினைத்தார். இதில் வெட்கம் என்ன தெரியுமா? எனக்கு அந்த நேரத்திலும் அதுதான் சுருக்கென்றது. என் சுருட்டைக் குறை சொல்லிவிட்டாரே என்று. அடுத்த நிமிஷம் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. அப்படியே போய் வாய்க்காலோரம் இருந்த முப்பது செடியையும் வேரோடு பிடுங்கி எருக்குழியில் போட்டேன். ரொம்பச் சீக்கிரமாகப் போட்டுவிட்டேன், இல்லையா? இருபத்தேழு வருஷம் கழித்து.

இவ்வளவும் தெரியாமல்தான் நீ செய்தாய். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரியாமல் செய்தவன் கேட்டாவது செய்ய வேண்டும். பெட்டி வந்த அன்றைக்கே போன் பண்ணி, "உங்கப்பா படத்த எடுத்துரு, இது வேணாம்" என்றேன். "உனக்குப் புரியாதும்மா" என்றாய். ஐப்பசியில் நான் பாப்பிரெட்டிப்பட்டியில் உன் பெரியம்மா வூட்டுக் கல்யாணத்துக்கு நாலு நாள் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் காட்டில் புகையிலை நாற்று வரிசையாக நிற்கிறது. ஆள் வைத்து நட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நான் இல்லாத நாளாகப் பார்த்து! உன்னை அப்படி ஒளிந்து காரியம் பண்ணுகிறவனாக நான் வளர்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மேலே எழுதியதெல்லாம் ஞாபகம் வந்தது, சொல்லவில்லை. போன் செய்து பிடுங்கச் சொன்னேன்.

"அம்மா, இது சிகரெட் மாதிரி கெமிக்கல் இல்லம்மா. ஆர்கானிக். அப்பா குடிச்சதுதான? நீதான சொன்ன, அதால ஒண்ணும் ஆவலன்னு."

"நான் பொய் சொன்னன்டா."

"இப்ப என்ன தடுக்கறதுக்காக இப்பிடிச் சொல்ற. எமோஷனலா பேசாதம்மா. ஊர்ல பத்துப் பொம்பளைங்களுக்கு வேலை கெடைக்கும். நீ சும்மா வந்து சுத்தறது எப்பிடின்னு காட்டிக் குடுத்தா போதும்."

பத்துப் பெண்கள்! இன்னும் பத்துப் பேர் கையில் அந்தக் கறையை ஏற்றச் சொல்கிறாய். உண்மையைச் சொன்னபோது நீ நம்பவில்லை, பொய்யை மட்டும் அட்சரம் பிசகாமல் நம்பியிருக்கிறாய். அன்று நான் போனை வைத்துவிட்டேன். அப்போதுகூடக் காட்டை ஓட்டுகிற எண்ணம் எனக்கு இல்லை. மகன் பாடுபட்டு நட்டதை அழிக்கிற மனசு எந்தத் தாய்க்கு வரும்? தை பிறக்கட்டும், நேரில் வருவான், உட்காரவைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தினமும் அந்த வரப்பைச் சுற்றிப் போய்வந்துகொண்டிருந்தேன். செடி வளர்ந்துகொண்டிருந்தது.

முந்தாநாள் காலையில் சங்கீதா போன் செய்தாள். வேறு எதற்கோதான் செய்தாள், இட்லிப்பொடி அனுப்பச் சொல்லி. "அத்தே, காரம் இல்லாம அரைச்சு அனுப்புங்க. உங்க மவனுக்கு இப்பல்லாம் காரமே ஆவ மாட்டேங்குது. ரசம்கூட எரியுதுன்றாரு" என்றாள். நான் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா இருக்குங்க. அல்சர்னு அவரே மாத்திர வாங்கிப் போட்டுக்கறாருங்க."

"சங்கீதா, மறைக்காம சொல்லு. அவன் சுருட்டுக் குடிக்கறானா?"

"எலை எப்பிடி இருக்குன்னு பாக்கறதுக்குன்னு ஆரம்பிச்சாருங்க அத்தே. வர்றவங்களுக்கு முன்னாடி நாமளே குடிச்சுக் காட்டலன்னா எவன் வாங்குவான்னு சொல்வாரு. இப்பத் தெனம் நாலஞ்சு ஆவுதுங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு." அதைச் சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு மேலே எழுதியிருப்பதை எல்லாம், முதல் ஆளாக அவளிடம்தான் சொன்னேன். மறுபடி ஏழு மாதம் மிளகாயைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு உடம்பில் தெம்பில்லை. நேற்று விடிந்ததும் மாதேசனைக் கூப்பிட்டேன்.

வெறும் வயிற்றுப்புண்ணாகவே இருக்கலாம். ஓட்டல் சாப்பாடு, கண்ட நேரத்தில் டீ, தூக்கமின்மை, எதுவாகவும் இருக்கலாம். ஒரு வருஷத்தில் அவ்வளவு தூரம் போய்விடாது என்று நீ சொல்வாய், உன் கையில் இருக்கிற போனில் பார்த்துப் படித்தும் காட்டுவாய். இருக்கட்டும். வயிற்றுப்புண் என்று டாக்டர் சொல்லட்டும். அதைக் கேட்டு நானே அந்த ஆஸ்பத்திரி வாசலில் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறேன். நீ சொல்லி நான் கேட்க மாட்டேன், நான் சொல்லி நீயும் கேட்க வேண்டாம். இந்தக் குடும்பத்தில் நாம் இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அரூரிலிருந்து கிளம்பித் தருமபுரியில் மாறி வருகிறேன். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். சங்கீதா அன்றைக்கே சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டிருக்கிறாள். மீட்டிங் என்று சொல்லாதே. வெளியூர் போகிறேன் என்று சொல்லாதே. நீ எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊருக்கு பஸ் இருக்கிறது, நானும் வருவேன். வந்ததும் நலம் விசாரிக்க மாட்டேன், காட்டைப் பற்றிப் பேச மாட்டேன். முதலில் வெளிச்சத்தில் நிறுத்தி உன் வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். நீ முப்பத்தைந்து வயசு ஆம்பிளை, பெண்டாட்டி முன்னால் அது உனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும். பார்த்த பிறகுதான் உன் வூட்டில் தண்ணீர் குடிப்பேன்.

காட்டை அழித்துவிட்டேன், உன் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டேன், குடும்ப விஷயத்தை ஊர் முழுக்கச் சொல்லி உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று என்மேல் உனக்கு ஆத்திரமாக வரும். வரட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் திட்டு, கேட்டுக்கொண்டு வருகிறேன். இனிமேல் உன்னோடு பேச்சே இல்லை என்று சொல், அதையும் கேட்டுக்கொள்கிறேன். நீ உயிரோடு இருந்து, இன்னும் முப்பது வருஷம் என்மேல் கோபமாக இரு. எனக்குச் சம்மதம்.

அம்மா